பாலித் தீவில் பாராகிளைடிங்: ஆடியில் போவதா, மாசியில் போவதா?

பாமணியாற்றுக்காரன் (மன்னார்குடி):

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு, முதன்முறையாகச் சேர்ந்து ஒரு வெளிநாட்டுப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் அங்கிருந்தே வந்து சேர்ந்துகொள்வார். நாங்கள் நால்வரும் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போகிறோம். இடம் இந்தோனேசியாவின் பாலித் தீவு என்று முடிவாகிவிட்டது. ஐவரில் மூவருக்குப் பாராகிளைடிங், அதாவது துணி இறக்கையில் தொங்கிக் காற்றில் பறக்கும் விளையாட்டு, செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மற்ற இருவருக்குக் கோயிலும் கடலும் வயலும் பார்த்தால் போதும்.

எங்கள் ஐயம் இரண்டு. நானும் இன்னொரு நண்பரும் விவசாயம் செய்கிறோம். நான் பம்புசெட் வைத்துக் குறுவை போடுபவன். ஜூன் கடைசியில் நடவு முடிந்துவிடும். ஜூலை நடுவில் முதல் களை எடுத்துவிட்டால், இரண்டாம் களைக்கு முன் எட்டு நாள் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. சம்பா அறுவடை முடிந்து மாசியில் போனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். எனவே மாசியே மேல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, ஊரில் ஒரு பயண முகவர் எழுதிக் கொடுத்த ஐந்து இரவு நிரல். முதல் நாள் மாலையில் இறங்குகிறோம். இரண்டாம் நாள் காலை ஒன்பதுக்குப் பாராகிளைடிங், பதினொன்றுக்கு நீர் விளையாட்டு, மாலையில் உலுவாத்து கோயில். மூன்றாம் நாள் நூசா பெனிடா தீவு. நான்காம் நாள் விடியற்காலையில் பாத்தூர் எரிமலை. இந்த நிரல் சரிதானா என்று போய் வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

நண்பரே, மாசியில் போகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் செய்த தவறு அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நால்வர், அறுவடையும் முடிந்துவிட்டது, விமானக் கட்டணமும் குறைவாக இருக்கிறது என்று பிப்ரவரியில் போனோம். அங்கே அது மழைக்காலம். பாலியின் தெற்கு முனையில் புக்கிட் என்ற சுண்ணாம்புக் கல் மேட்டுநிலம் இருக்கிறது. அதன் விளிம்பில் டிம்பிஸ் என்ற இடத்தில், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியிலிருந்துதான் பாராகிளைடர்கள் கிளம்புகின்றன. அந்தப் பாறை முகம் தெற்குக் கடலைப் பார்த்து நிற்பதால் தென்கிழக்குக் காற்று வந்து மோதினால்தான் பறக்க முடியும். பிப்ரவரியிலோ காற்று நேர் எதிராக, வடமேற்கிலிருந்து, நிலத்தின் மேலாக வந்து கடலை நோக்கி இறங்குகிறது. நாங்கள் மூன்று நாள் போய் நின்றோம். புல் தரையில் நட்டிருந்த காற்றுக்கொடி மூன்று நாளும் கடல் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது. ஏற்பாடு செய்து கொடுத்தவர் முன்பணமாக வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. காற்று எங்கள் பொறுப்பில் இல்லை என்று சொல்லிவிட்டார். காற்று அவர் பொறுப்பில் இல்லைதான். ஆனால் எந்த மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்று தெரிந்திருந்தும் முன்பணம் வாங்கியது அவர் பொறுப்பு அல்லவா?

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திரும்பவும் போனோம், பறந்தோம். அப்போதும் முதல் நாள் காற்று போதவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வாய்ப்பு வந்தது. ஆகவே உங்கள் முகவர் காலை ஒன்பது என்று மணிக்கணக்கில் எழுதிக் கொடுத்திருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. பறப்பதற்கு ஒரு நாளைக் குறிக்காதீர்கள். தென்முனையில் தொடர்ந்து மூன்று நாள் தங்குங்கள். உலுவாத்து, பாண்டவா கடற்கரை, நூசா துவா எல்லாமே அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. காலையில் பாராகிளைடிங் நடத்துபவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டு, காற்று வந்தால் பறக்கலாம், வராவிட்டால் அருகில் உள்ள இடத்தைப் பார்க்கலாம்.

மேலணை (கும்பகோணம்):

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பறந்த அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் வெண்ணாற்றங்கரை அவர்கள் சொல்லும் காற்றோடு எனக்குப் பணிக்காலம் முழுவதும் தொடர்பு இருந்தது என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அந்தக் குளிர்ந்த நிலப்பரப்பின் மேல் காற்றழுத்தம் உயர்ந்து, அங்கிருந்து காற்று வடமேற்காக ஓடுகிறது. பாலித் தீவுக்கு அது தென்கிழக்குக் காற்றாக வந்து சேர்கிறது. அதே மாதங்களில் தென் இந்தியப் பெருங்கடலின் தென்கிழக்குக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வருகிறது. தாண்டியவுடன் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. அதுதான் குடகிலும் வயநாட்டிலும் மழையாகக் கொட்டி, கபினியையும் கிருஷ்ணராஜ சாகரையும் நிரப்பி, மேட்டூருக்கு நீர்வரத்தைத் தருகிறது. நாம் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலமும், பாலியில் பாராகிளைடிங் தொடங்கும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே பெரிய காற்றோட்டத்தின் இரு கிளைகள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். நம் ஆடிதான் அவர்களுக்கும் காற்று மாதம். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே திசை மாறிவிடுகிறது. ஆகையால் தம்பி, மாசியை மறந்துவிடுங்கள். மார்ச்சில் போவதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலி மக்கள் தங்கள் நாட்காட்டியான சக ஆண்டின் பிறப்பை ஞெப்பி என்ற மௌன நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று விளக்கு ஏற்றமாட்டார்கள், தெருவில் யாரும் நடமாடக் கூடாது, விமான நிலையத்தையே ஒரு நாள் முழுக்க மூடிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் மார்ச்சில்தான் வரும்.

பாபநாசம் வாசகர்:

எல்லோரும் எப்போது போவது என்றுதான் பேசுகிறீர்கள். போகத்தான் வேண்டுமா என்று நான் கேட்கிறேன். கேரளத்தில் வர்க்கலாவில் கடலோரப் பாறை மேலிருந்து பறக்கிறார்கள். வாகமண் மலையில் பறக்கிறார்கள். இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் 2015-இல் உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. ரயிலில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இவ்வளவு இருக்கும்போது, குடும்பம் உள்ள ஐந்து பேர் கடல் தாண்டிப் போய், மொழி தெரியாத ஓர் ஊரில், யாரென்று தெரியாத ஒருவரின் மடியில் உட்கார்ந்து பாறையிலிருந்து குதிப்பது எதற்கு? அங்கே ஏதாவது நேர்ந்தால் காப்பீடு பணம் தருமா? என் மைத்துனர் வெளிநாட்டுப் பயணத்தின்போது கால் முறிந்து பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரசலாற்றுப் பெண் (காரைக்கால்):

பாபநாசம் ஐயா கேட்பது நியாயமான கேள்வி. நான் பீர் பில்லிங்கில் தொடக்கநிலைப் பயிற்சி முடித்தவள், பாலியிலும் பறந்திருக்கிறேன். எனவே எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இதில் குதிப்பது என்பதே கிடையாது. பாராகிளைடர் என்பது துணியால் ஆன இறக்கை. இரண்டு அடுக்குத் துணியைச் சிறு சிறு அறைகளாகத் தைத்து, முன்விளிம்பில் வாய் விட்டிருப்பார்கள். காற்று அந்த வாய்களின் வழியே உள்ளே புகுந்து, இறக்கையை விறைப்பாக்கி, விமான இறக்கையின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. கம்போ குழாயோ எதுவும் இல்லை. 1978-இல் பிரான்ஸின் மியூசி என்ற மலையூரில், விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் வீரர்கள் சிலர், விமானச் செலவைத் தவிர்க்கச் சரிவிலிருந்தே ஓடிக் கிளம்பிப் பார்த்ததில் இந்த விளையாட்டு வளர்ந்தது. இருவர் பறக்கும் பாராகிளைடரில் விமானி பின்னால் இருப்பார், பயணி முன்னால் இருப்பார். இருவருக்கும் தனித்தனி இருக்கை, தனித்தனிப் பட்டைகள்.

உங்கள் நிரலில் நீர் விளையாட்டு என்று எழுதியிருப்பதில் பாராசெய்லிங் கட்டாயம் இருக்கும். தஞ்சுங் பெனோவா கடற்கரையில், மோட்டார் படகு கயிற்றால் கட்டி இழுக்க, ஒரு குடையில் தொங்கிக்கொண்டு சில நிமிடம் மேலே போய் வருவது அது. முகவர்களே பல நேரங்களில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கிறார்கள். நீங்கள் பணம் கட்டியது எதற்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, கடலோரப் பாறை ஏன் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பதைச் சொல்கிறேன். மலையில் நண்பகல் வெயிலில் சூடேறிய காற்று குமிழ் குமிழாக மேலெழும், இறக்கை குலுங்கும். கடலிலிருந்து வரும் காற்றுக்கு வழியில் மேடு பள்ளம் எதுவும் இல்லாததால் அது வழவழப்பாக வந்து பாறையில் மோதி அப்படியே மேலே ஏறுகிறது. அந்த ஏறுகாற்றின் பட்டையில் பாறையை ஒட்டி முன்னும் பின்னுமாகப் போய் வந்தால் உயரம் குறையாமல் பறந்துகொண்டே இருக்கலாம். இருவர் பறக்கும் இறக்கை காற்றைக் கிழித்துப் போகும் வேகம் ஏறத்தாழ மணிக்கு 35 முதல் 40 கி.மீ. காற்றே அந்த வேகத்தை நெருங்கிவிட்டால் இறக்கை முன்னேற முடியாமல் பாறைக்குப் பின்னால் தள்ளப்படும். பாறை விளிம்புக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே விழும், அதுதான் ஆபத்தான இடம். அதனால்தான் காற்று குறைந்தாலும் பறக்கமாட்டார்கள், கூடினாலும் பறக்கமாட்டார்கள். இன்று வேண்டாம் என்று சொல்லும் விமானி நல்ல விமானி என்று எனக்குக் கற்றுத் தந்தவர் சொல்வார்.

வட மாநில மலை ஒன்றில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கூட்டம் மிகுந்த நாள் அது. என்னை அழைத்துப் போக இருந்த விமானி அவசர அவசரமாக மார்புப் பட்டையை மட்டும் மாட்டிவிட்டு இறக்கையைத் தூக்கப் போய்விட்டார். தொடைப் பட்டைகள் இரண்டும் அவிழ்ந்தே தொங்கின. பயிற்சி பெற்றிருந்ததால் நான் கீழே குனிந்து பார்த்துச் சத்தம் போட்டேன். புதிதாக வந்தவர் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்தால் உடல் நடுங்குகிறது. ஆகவே கிளம்புவதற்கு முன்பு உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள்: இரண்டு தொடையிலும் பட்டை, மார்பில் பட்டை, இரண்டு தோளுக்கும் நேராக இருக்கும் இரும்பு வளையங்கள் பூட்டியிருக்கின்றனவா, தலைக்கவசத்தின் வார் இறுகியிருக்கிறதா. விமானியின் இருக்கையில் அவசரப் பாராசூட் இருக்கிறதா என்று வாய் விட்டுக் கேளுங்கள். இந்தோனேசியாவில் வான் விளையாட்டுகளுக்கு ஃபாசி என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அதன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்லவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

காப்பீட்டைப் பற்றிப் பாபநாசம் ஐயா சொன்னது முழு உண்மை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளை விலக்கியே வைத்திருப்பார்கள். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேட்டு, பாலிசியில் பாராகிளைடிங் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கிளம்புங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

பாமணியாற்றுக்காரன் (மன்னார்குடி):

அக்கா, ஐயா, அனைவருக்கும் நன்றி. ஜூலையிலேயே போவது என்று நண்பர்களிடம் பேசி முடிவு செய்துவிட்டோம். முதல் களையை எடுத்துவிட்டு 17 அன்று கிளம்பி, ஆடிப் பெருக்குக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவோம். முகவரின் நிரலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாபநாசம் அண்ணா, வர்க்கலாவைப் பற்றி நாங்களும் யோசித்தோம். ஆனால் ஐவரில் இருவர் பறக்கப் போவதில்லை; அவர்களுக்கும் மனம் நிறைய வேண்டும் என்பதால்தான் பாலி.

பறக்காத இருவரில் ஒருவர் தலைஞாயிற்றில் சம்பா போடும் கடைமடை விவசாயி (வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் வாங்குபவர்), சைவ உணவு மட்டும் உண்பவர். அவருக்கு அங்கே வயல் பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கே போவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நூசா பெனிடாவும் பாத்தூரும் இரண்டும் வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

வயல் பார்க்க ஆசைப்படும் உங்கள் நண்பர்தான் உங்கள் ஐவரில் அதிகம் பெறப் போகிறவர்.

உபுட் என்ற ஊரின் பக்கத்தில் தெகலலாங் என்ற அடுக்கு வயலுக்கு எல்லோரையும் அழைத்துப் போவார்கள். அங்கே ஊஞ்சலும் படம் எடுக்கும் மேடையும்தான் அதிகம். நீங்கள் ஜத்திலுவிக்குப் போங்கள். பாத்துகாரு மலையின் அடிவாரத்தில் ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் அவை. 2012-இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் பாசன முறையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்த வயல்களும் அதில் சேர்ந்தன. சுபாக் என்பது ஒரே கால்வாயில் தண்ணீர் வாங்கும் விவசாயிகளின் சங்கம். அதற்குத் தலைவராகப் பெக்காசே என்பவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எழுதி வைத்த சட்டமும் தண்டமும் உண்டு. ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோயிலும் உண்டு.

நாங்கள் வரப்பில் நடந்து போனபோது ஒரு வாய்க்காலின் குறுக்கே கிடந்த மரக்கட்டையைப் பார்த்தேன். ஒரே கட்டையில் அகலம் வேறுவேறாக மூன்று வெட்டுகள். பெரிய வெட்டில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் போகிறது, சிறிய வெட்டில் நாலு விரல் அகலத்துக்குப் போகிறது. மூன்றின் அடிமட்டமும் ஒரே சமம். பாத்தியதைக்கு ஏற்ப அகலத்தை வெட்டிவிட்டால், வரத்து கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது. தெம்புகு என்று அதற்குப் பெயர். கதவும் இல்லை, பூட்டும் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி: டெம்பே என்ற சோயாக் கட்டி, வேகவைத்த காய்களில் நிலக்கடலைக் குழம்பு ஊற்றித் தரும் காடோகாடோ, சோறு, இவை எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பலில் தெராசி என்ற இறால் விழுது சேர்ப்பது அங்கே இயல்பு, காய்க்கறியிலும் இருக்கும். "தன்பா தெராசி" என்று சொன்னால் தெராசி இல்லாமல் என்று பொருள். உங்கள் நண்பரை இந்த இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

நூசா பெனிடாவுக்குச் சனூர் துறையிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தீவின் தென்கரையில் அலை மிகவும் கடுமை. கெலிங்கிங் பாறையை மேலிருந்து பாருங்கள். கீழே மணலுக்கு இறங்கிக் கடலில் கால் வைக்க வேண்டாம். படகில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் குலுக்கல் குறையும்.

மேலணை (கும்பகோணம்):

சுபாக் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பாசனப் பொறியாளர்கள் நடுவே அது பெரிதும் பேசப்படும் ஒன்று.

1970களில் பசுமைப் புரட்சியின் பேரில், பாலி விவசாயிகளைக் கோயில் குறிக்கும் நடவுப் பட்டத்தை விட்டுவிட்டு, அவரவர் முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் புகையான் பூச்சியும் துங்ரோ நோயும் பரவி விளைச்சலை அழித்தன. 1980களில் ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர், சூழலியலாளர் ஒருவரோடு சேர்ந்து, ஆற்றுப் படுகை முழுவதையும் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார். ஓர் ஆற்றின் பல சுபாக்குகள் பேசிவைத்து ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் வயலை ஆறப்போட்டால் பூச்சிக்கு உண்ண எதுவும் இல்லாமல் போகிறது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவை அந்த நீர்க்கோயில்களின் நடைமுறை கண்டு வைத்திருந்தது.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒன்று. தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. பிறகு ஏன் அவர் கடைமடைக்காரரோடு ஒத்துப் போகிறார்? கடைமடையில் வேறு காலத்தில் நட்டால் அங்கே பெருகும் பூச்சி தன் வயலுக்கும் ஏறி வரும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. தண்ணீருக்காகக் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நம்புகிறார்; பூச்சி வராமல் இருக்க மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நம்புகிறார். தண்ணீரை முறை வைத்து மாற்றி மாற்றி விடும் முறைப்பாசன ஆண்டுகளில் மதகடியில் நின்று இரு தரப்பையும் சமாதானம் செய்த எனக்கு இதைப் படித்தபோது மனம் பொங்கியது. தலைஞாயிற்று நண்பரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பாத்தூருக்குப் போவதாக இருந்தால், உச்சி 1,717 மீட்டர். நள்ளிரவு தாண்டிக் கிளம்ப வேண்டும், மேலே குளிரும். ஏற இயலாதவர்கள் எரிமலைப் பள்ளத்தின் கிந்தாமணி விளிம்பில் உள்ள உலுன் டானு பாத்தூர் கோயிலில் இருந்தே ஏரியையும் மலையையும் பார்க்கலாம். ஏரிக்கரையில் இருந்த அந்தக் கோயிலை 1926 எரிமலை வெடிப்புக்குப் பிறகுதான் மேலே கொண்டுவந்தார்கள். சுபாக்குகளுக்கெல்லாம் தலைக்கோயில் அதுதான்.

அரசலாற்றுப் பெண் (காரைக்கால்):

ஒன்றைச் சேர்க்கிறேன். உங்களில் யாராவது ஸ்கூபா டைவிங் (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது) செய்வதாக இருந்தால், கடலிலிருந்து ஏறிய அன்றே பாத்தூர் மலை ஏறக் கூடாது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். விமானத்துக்கும் இதே கணக்குதான்.

திருவாரூர் பயணி:

செலவுக் கணக்குக்காக: இந்தியருக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா கிடைக்கிறது, கட்டணம் 5 லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் தனியாக ஒன்றரை லட்சம் ரூபியா சுற்றுலாக் கட்டணமும் வாங்குகிறது; இரண்டையும் முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிடலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

பாமணியாற்றுக்காரன் (மன்னார்குடி):

நேற்று இரவு ஊர் வந்து சேர்ந்தோம். நடந்தது அனைத்தையும் எழுத வேண்டியது என் கடமை.

தென்முனையில் நான்கு இரவு, உபுட்டில் மூன்று இரவு என்று பிரித்துக்கொண்டோம். முதல் நாள் காலையில் விமானி காற்று அதிகம் என்று சொல்லிவிட்டார். பாறை விளிம்பில் நின்று பார்த்தபோது எங்களுக்கே புரிந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பேசும் சொல் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை. மாலையில் உலுவாத்து போய்க் கெச்சாக் நடனம் பார்த்தோம். எழுபது, எண்பது ஆண்கள் வாத்தியமே இல்லாமல் வாயாலேயே தாளம் எழுப்பி இராமாயணம் நடத்துகிறார்கள். இரண்டாம் நாள் காற்று இன்னும் கூடிவிட்டது. சிங்கப்பூர் நண்பருக்கு விடுப்பு குறைவு. இது நடக்காது, முன்பே நாள் குறித்து வாங்கியிருக்க வேண்டும் என்று இரவு அவருக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. இந்த இழையில் நீங்கள் எழுதியதை எடுத்து அவரிடம் படித்துக் காட்டினேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு மணிக்குச் செய்தி வந்தது. எடை பார்த்தார்கள். அக்கா சொன்னபடி தொடைப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். அவசரப் பாராசூட்டைக் கேட்டேன். விமானி தன் இருக்கையின் பக்கத்தில் இருந்த சிவப்புக் கைப்பிடியைக் காட்டினார். அவர் சொன்ன ஒரே கட்டளை, நான் சொல்லும்வரை உட்காராதே, ஓடிக்கொண்டே இரு என்பதுதான். எனக்கு முன் போன நண்பர் இரண்டு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். விமானி பாரத்தைத் தாங்க முடியாமல் இருவரும் புல்லில் சரிந்தார்கள். அடி எதுவும் இல்லை. மறுமுறை சரியாகக் கிளம்பினார்.

என் முறை வந்தபோது, பின்னால் துணி சரசரவென்று எழும் ஓசை கேட்டது, தோள்கள் பின்னுக்கு இழுபட்டன, ஓடினேன். நான்காவது எட்டுக்குத் தரையில்லை. உடம்பு கீழே விழும் என்று நினைத்திருந்தேன்; மாறாகத் தூக்கியது. அதன் பிறகு அமைதி. கயிறுகளின் ஊடே காற்று போகும் மெல்லிய ஓசையைத் தவிர எதுவும் இல்லை. கீழே பாசி படர்ந்த பாறைத்திட்டுகளின் மேல் எங்கள் இறக்கையின் நிழல் பிறைநிலாப் போல நகர்ந்து வந்தது. பாண்டவா கடற்கரைக்கு மேலே திரும்பினோம். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மாடங்களில் குந்தியையும் ஐந்து பாண்டவர்களையும் நிறுத்தியிருக்கிறார்கள். தெருக்கூத்தில் பார்த்து வளர்ந்த வீமனை, கடல் பக்கத்திலிருந்து, பறந்துகொண்டு, கண் மட்டத்தில் பார்த்தேன். இருபது நிமிடம். கிளம்பிய அதே புல்தரையிலேயே இறங்கினோம். இறங்கியதும் சிங்கப்பூர் நண்பர் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இருவருமே முந்தைய இரவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மேலணை ஐயா, தலைஞாயிற்று நண்பரைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜத்திலுவியில் பூச்சியைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் தெம்புகு கட்டையின் அருகே குனிந்து, வெட்டுகளின் அகலத்தைத் தன் விரலால் அளந்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். வரப்பில் வந்த ஒரு முதியவரிடம் வழிகாட்டி வாயிலாக, தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருக்கு முதலில் என்று கேட்டார். எல்லோருக்கும் குறையும் என்று அவர் பதில் சொன்னார். நண்பர் அதைத் திரும்பவும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். உணவுக்குத் தொல்லை இல்லை. தன்பா தெராசி ஏழு நாளும் கை கொடுத்தது.

நூசா பெனிடாவை விட்டுவிட்டோம். பறப்பதற்காகக் காத்திருந்ததில் அந்த நாள் போய்விட்டது. ஐவரில் யாருக்கும் வருத்தமில்லை. பாத்தூரில் மூவர் ஏறினோம். இருவர் கோயிலில் இருந்தார்கள்.

பாபநாசம் அண்ணா, காப்பீட்டில் பாராகிளைடிங்கைச் சேர்க்க இரண்டு நிறுவனங்கள் மறுத்து, மூன்றாவதுதான் கூடுதல் பிரீமியத்துக்கு ஒப்புக்கொண்டது. நீங்கள் கேட்டிராவிட்டால் நாங்கள் அதைப் பார்த்தே இருக்கமாட்டோம். நாளை இரண்டாம் களைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். தெம்புகு படத்தை நண்பரிடமிருந்து வாங்கி ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன்.